மருந்து கம்பெனி கவரிலும் ஆணுக்குத்தான் கனம் அதிகம்

ஒரே வேலைக்குப் பெண்ணுக்குக் குறைவாகக் கொடுக்கிறார்கள் என்று எங்கே படித்தாலும் எனக்குக் கோபம் வரும். ஆனால் அமெரிக்க மருத்துவ இதழ்களின் ஆசிரியர்களும், வரும் கட்டுரைகளைச் சரிபார்க்கும் ரிவ்யூவர்களும் மருந்து, கருவி கம்பெனிகளிடம் வாங்கும் பணத்தில் மட்டும், யார் மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை.

அங்கே 2010-ல் வந்த சட்டப்படி, டாக்டருக்கு வாங்கிக் கொடுத்த சாப்பாட்டிலிருந்து விமான டிக்கெட், ஆலோசனைக் கட்டணம், மேடையில் பேசிய காசு, ராயல்டி வரை எல்லாவற்றுக்கும் கம்பெனிகள் அரசிடம் கணக்குக் கொடுக்க வேண்டும். 2014 செப்டம்பரிலிருந்து அரசின் ஓப்பன் பேமென்ட்ஸ் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் பெயரைத் தட்டிப் பார்க்கலாம். (நம்மூரில் அப்படி ஒன்று வந்தால்... சரி, விடுங்கள்.)

அதை வைத்துத்தான் 2017-ல் பிஎம்ஜே என்ற பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. 52 இதழ்கள், 713 ஆசிரியர்கள், 2014-ம் வருடக் கணக்கு. பாதிப் பேர் ஏதாவது வாங்கியிருக்கிறார்கள். ஆராய்ச்சிப் பணத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தாலே தலைக்குச் சராசரி 28,136 டாலர், ஆனால் எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்தால் சரியாக நடுவில் நிற்பவருக்குக் கிடைத்தது 11 டாலர்! ஒரு மதியச் சாப்பாட்டுக் காசு. அதாவது பாதிப் பேர் கிட்டத்தட்ட எதுவும் வாங்கவில்லை, மேலே சிலர் அள்ளிக்கொண்டு போகிறார்கள்.

ஆண் பெண் வித்தியாசம் 2024-ல் ஜாமா என்ற அமெரிக்க மருத்துவ இதழ் வெளியிட்ட ஆய்வில் பளிச்சென்று தெரிகிறது. பிஎம்ஜே, ஜாமா, லான்செட், நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆகிய நான்கு மருத்துவ இதழ்களுக்கும் கட்டுரைகளைச் சரிபார்த்துக் கொடுக்கும் அமெரிக்க டாக்டர்கள் 1,962 பேர். 2020-லிருந்து 2022 வரை பணம் வாங்கியவர்களில், ஆராய்ச்சிப் பணமும் சேர்த்து, ஆணுக்கு 38,959 டாலர், பெண்ணுக்கு 19,586. இதுவும் நடு மதிப்புதான். ஏறக்குறைய பாதி.

எலும்பு, இதயம் மாதிரி கருவிப் பணம் புரளும் துறைகளில் ஆண்கள் அதிகம், பெரிய பதவிகளிலும் அவர்களே அதிகம், அதனால்தான் என்பார்கள். இருக்கலாம். ஆனால் கம்பெனி யாருக்கும் சும்மா கொடுப்பதில்லை, யார் சொன்னால் ஊர் கேட்கும் என்று பார்த்துத்தான் கொடுக்கிறது. அந்தக் கணக்கில் பெண் பாதி விலைக்குப் போகிறாள் என்றால், மருத்துவ உலகம் அவளுக்கு எவ்வளவு செல்வாக்கு கொடுத்து வைத்திருக்கிறது என்பதுதான் அதில் தெரிகிறது.

அதற்காக "பெண்களுக்கும் சமமாகக் கொடு" என்று கேட்க என்னால் முடியாது. நியூ இங்கிலாந்து ஜர்னலின் முதல் பெண் தலைமை ஆசிரியர் மார்சியா ஏஞ்சல், 2000-ல் மனச்சோர்வு மருந்து பற்றிய ஒரு கட்டுரையை வெளியிட்டபோது, அதை எழுதியவர்களுக்கு கம்பெனிகளோடு இருந்த தொடர்புகளை முழுசாக அச்சடிக்கப் பக்கம் போதாது என்று இணையத்தில் போட வேண்டிவந்தது. அதே இதழில் மருத்துவக் கல்வியும் ஆராய்ச்சியும் விற்பனைக்கா என்று காட்டமாகத் தலையங்கமும் எழுதினார். ஜாமாவின் முதல் பெண் ஆசிரியர் கேத்தரின் டிஏஞ்சலிஸ், கம்பெனி காசில் நடக்கும் சோதனைகளின் புள்ளிவிவரத்தைக் கம்பெனியைச் சாராத ஒரு நிபுணர் அலச வேண்டும் என்று 2005-ல் விதி போட்டார். இவர்கள் நாற்காலியில் அடுத்து உட்காரும் பெண்ணுக்கு இன்னும் கொஞ்சம் கனமான கவர் வாங்கிக் கொடுப்பதா சமத்துவம்?

இன்னொரு பக்கம் ஹொசே பசெல்கா. நியூயார்க்கின் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மருத்துவமனையின் தலைமை மருத்துவ அதிகாரி, கேன்சர் டிஸ்கவரி இதழின் இரண்டு தலைமை ஆசிரியர்களில் ஒருவர். கம்பெனிகளிடமிருந்து வந்த லட்சக்கணக்கான டாலரைத் தன் கட்டுரைகள் பலவற்றில் சொல்லாமல் விட்டது 2018-ல் பத்திரிகைகளில் வெளிவந்து இரண்டு பொறுப்பிலிருந்தும் விலகினார். அடுத்த வருடமே ஆஸ்ட்ராஜெனிகாவில் உயர்பதவி. என்னத்தைச் சொல்ல.

நான் கேட்பது இது. கட்டுரை எழுதுகிறவரிடம் கம்பெனித் தொடர்புகளைக் கேட்டு எழுதி வாங்கும் இதழ், அதை ஏற்பதா தள்ளுவதா என்று முடிவு செய்கிறவரின் கணக்கையும் தொகையோடு தன் பக்கத்திலேயே போடட்டும். அரசு தளத்தில் இருக்கிறதே என்று சொல்லாதீர்கள், ஓர் ஆசிரியர் குழுவில் முப்பது நாற்பது பேர், எந்த வாசகர் ஒவ்வொரு பெயராகத் தேடப் போகிறார்?

ஆசிரியர் வேலைக்குப் பல இதழ்கள் ஒன்றும் பெரிதாகக் கொடுப்பதில்லை, கம்பெனிக் கணக்கையும் கேட்டால் நல்ல டாக்டர்கள் வரமாட்டார்கள் என்று ஒரு வாதம் உண்டு. எல்செவியர் மாதிரி இந்த இதழ்களை வெளியிடும் பதிப்பாளரின் லாபம் வருமானத்தில் 30 சதவீதத்துக்கும் மேல். அங்கே போய்க் கேளுங்கள், ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமாக. அந்தச் சண்டைக்கு நானும் வருகிறேன்.