ஓங்கில்கள் நமக்காக அலையேறுவதில்லை

தெளிந்த அலையொன்றின் உள்ளே நான்கைந்து ஓங்கில்கள் (டால்பின்கள்) வழுக்கி வர, அதே அலையின் சரிவில் அலைச்சறுக்குப் பலகைமேல் ஒருவர் சறுக்கி வரும் காணொளிகளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஆஸ்திரேலியாவின் பைரன் பே, தென்னாப்பிரிக்காவின் ஜெப்ரீஸ் பே போன்ற கடற்கரைகளில் இது அரிய காட்சியன்று. இவற்றைப் பகிர்பவர்கள், டால்பின்கள் மனிதரோடு விளையாட வந்திருப்பதாக எழுதிவிடுகிறார்கள். அதில் எனக்கு உடன்பாடில்லை. பலகைமேல் ஒருநாளும் நின்றறியாதவன் நான் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஓங்கில் அலையேறுவதற்கு மனிதன் தேவையில்லை. படகெழுப்பும் அலையில் வரும் ஓங்கில், தானாக விநாடிக்கு 2.1 மீட்டர் வேகத்தில் நீந்துவதற்கு ஆகும் உழைப்பைவிடக் கூடுதலாகச் செலவிடாமலேயே 3.8 மீட்டர் வேகத்தில் செல்கிறது என்று 1992இல் வெளியான ஆய்வு ஒன்று அளந்து காட்டியது. பயணத்துக்கு இந்தச் சிக்கனம் பொருந்தும். ஆனால் கரையோர அலையில் வரும் ஓங்கில், அலை உடைவதற்குச் சற்று முன் பின்புறமாகத் துள்ளி வெளியேறி, வந்த தொலைவையெல்லாம் திரும்ப நீந்தி அடுத்த அலையைப் பிடிக்கிறது. மிச்சப்பட்ட உழைப்பு திரும்பும் வழியிலேயே தீர்ந்துவிடும். ஆகவே இதை விளையாட்டு என்றே கொள்ளத் தோன்றுகிறது. அந்த விளையாட்டில் நாம் உடனிருக்கிறோம், அவ்வளவுதான்.

காப்பாற்றிய கதைகள் இல்லையா என்று கேட்பீர்கள். 2007 ஆகஸ்டில் கலிபோர்னியாவின் மான்ட்டரே விரிகுடாவில் டாட் என்ட்ரிஸ் என்ற இளைஞரைப் பெருவெள்ளைச் சுறா கடித்துக் குதறியபோது, அருகில் அலைகளில் திரிந்த ஓங்கில்கள் அவரைச் சூழ்ந்து வளையமிட்டன என்றும், அந்த இடைவெளியில் கரைசேர்ந்தார் என்றும் செய்திகள் வந்தன. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவை சூழ்ந்தது அவரைக் காக்கவா, சுறாவைக் கண்டு தம் கூட்டத்தைக் காக்கவா என்பதை யார் கேட்டுச் சொல்வது? பிழைத்தவரின் கதை மட்டுமே நம்மை எட்டுகிறது; ஓங்கில்களால் ஆழத்துக்குத் தள்ளப்பட்டு மீளாதவர் எவரேனும் இருந்தால், கதை சொல்ல அவர் வரப்போவதில்லை.

தொலைவில் தெரியும் முதுகுத் துடுப்பு ஓங்கிலுடையதா, சுறாவுடையதா என்பதே அலைச்சறுக்கு வீரருக்கு முதல் கவலை. ஓங்கில் வாலை மேலும் கீழுமாக அசைப்பதால் அதன் முதுகுத் துடுப்பு வளைவாக எழுந்து அமிழும். சுறாவின் வால் பக்கவாட்டில் அசைவதால் அதன் துடுப்பு பெரும்பாலும் ஒரே மட்டத்தில் நீரைக் கிழித்துச் செல்லும். ஓங்கில்கள் இருக்குமிடத்தில் சுறா வராது என்ற நம்பிக்கைக்கு ஆதாரமில்லை. இரண்டும் ஒரே மீன்கூட்டத்தைத் தேடி வரக்கூடும். என்ட்ரிஸ் கடிபட்டதும் ஓங்கில்கள் உலவிய நீரில்தான்.

பைரன் பே அமைந்துள்ள நியூ சவுத் வேல்ஸ் மாநில விதிப்படி, நீரில் நீந்துபவர் ஓங்கிலிடமிருந்து 30 மீட்டர் தள்ளியே இருக்க வேண்டும். நூற்றுக்கணக்கான கிலோ எடையுள்ள ஒரு விலங்கு அலையிலிருந்து துள்ளி விழும் இடத்தில் இந்த விதி இரு தரப்புக்கும் நல்லது. அதுவாக அருகில் வந்தால், துரத்தாமலும் தொடக் கைநீட்டாமலும் பலகைமேல் அப்படியே அமர்ந்திருக்கலாம். அடுத்த அலை வந்ததும் அது போய்விடும்.