ட்வின் பீக்ஸ்: மைனா சொன்ன சாட்சி

ட்வின் பீக்ஸ் தொடரில் வரும் விலங்குகளுக்கு அகராதி போடும் வேலை முப்பது வருடத்துக்கு மேலாக நடக்கிறது. ஆந்தை என்றால் பாப் என்ற தீய ஆவி, வெள்ளைக் குதிரை என்றால் மரணம், மீன் என்றால் ஆழ்மனம் என்று ஆளுக்கொரு பட்டியல். எனக்கு இது ஒப்பவில்லை. டேவிட் லிஞ்சும் மார்க் ஃப்ராஸ்டும் உருவாக்கிய அந்தத் தொடர் லாரா பாமர் என்ற பள்ளி மாணவியின் கொலை வழக்கைச் சுற்றி நடக்கிறது. அதில் ஒரு விலங்கு திரைக்கு வருகிறது என்றால், பெரும்பாலும் அங்கே இரண்டு பேருக்கு நடுவில் வாய்விட்டுச் சொல்ல முடியாத ஒன்று இருக்கிறது. கணவன் மனைவி, அப்பா மகள், ஊருக்குத் தெரியாத காதல், ஒரே பெண்ணைக் காதலித்த இரண்டு பையன்கள். விலங்கை விட்டுவிட்டு முதலில் அந்த இரண்டு பேரைப் பிடியுங்கள். காட்சி தானாகப் பிடிபடும்.

இனி வருவதெல்லாம் ஸ்பாய்லர். லாரா பாமரைக் கொன்றது யார் என்று இன்னும் தெரியாதவர்கள் இங்கேயே நின்றுவிடுங்கள்.

எபிசோடு எண்களில் ஒரு குழப்பம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். 1990 ஏப்ரல் 8 அன்று ஏபிசியில் வந்த பைலட்டை எண்ணிக்கையில் சேர்க்காமல்தான் பழைய ரசிகர்கள் எண் சொல்வார்கள். பைலட்டையே முதல் எபிசோடாகப் போடும் பட்டியல்களில் எல்லாம் ஒன்று தள்ளிப்போகும். ரசிகர்கள் 5 என்பது அங்கே முதல் சீசனின் 6. ரசிகர்கள் 14 என்பது இரண்டாம் சீசனின் 7. நான் ரசிகர் கணக்கிலேயே எழுதுகிறேன்.

மைனாவிலிருந்து ஆரம்பிப்போம், ஏனென்றால் அது சின்னமே அல்ல. வால்டோ நிஜப் பறவை. வழக்கில் தடயமாகத்தான் உள்ளே வருகிறது. லாராவின் தோளில் இருந்த காயம் பறவை கொத்தியது என்று ஆய்வில் தெரிகிறது. கால்நடை மருத்துவரின் ஃபைல்களை மொத்தமாக அள்ளிவந்து புரட்டுகிறார்கள். பறவையின் சொந்தக்காரன் ஜாக் ரெனோ என்று தெரிகிறது. (அந்த மருத்துவமனையில் ஒரு லாமா வந்து, வழக்கை விசாரிக்கும் எஃப்பிஐ அதிகாரி கூப்பரின் முகத்துக்கு நேராக முகத்தை நீட்டும். அதற்கும் அர்த்தம் எழுதியவர்கள் இருக்கிறார்கள். சாமி, அது வெறும் லாமா.) பிறகு காட்டுக்குள் ஜாக்கின் மரவீட்டைக் கண்டுபிடிக்கிறார்கள், சிவப்புத் திரையும் மைனாவும் அங்கே இருக்கின்றன.

எபிசோடு 6. ஷெரிஃப் அலுவலகத்தில் கூண்டைத் தொங்கவிட்டு, சத்தம் கேட்டால் தானாக ஓடும் டேப் ரெக்கார்டரை வைத்துவிட்டுப் போகிறார்கள். கீழே மேஜை நிறைய டோனட். ஜன்னலுக்கு வெளியே துப்பாக்கியோடு ஜாக்கின் கூட்டாளி லியோ. சுட்டதும் டோனட்டின் மேல் ரத்தம் சொட்டுகிறது. டேப்பைப் போட்டுக் கேட்டால் மைனாவின் குரலில் லாராவின் பெயர், அங்கே போகாதே, வலிக்கிறது, நிறுத்து, லியோ வேண்டாம்.

இந்தக் காட்சியின் சாமர்த்தியத்தைக் கவனியுங்கள். லாரா உயிரோடிருந்தபோது தனக்கு வலிக்கிறது என்று சொன்ன வார்த்தையை அந்த ஊரில் யாரும் காதில் வாங்கவில்லை. அம்மா இல்லை, மனநல டாக்டர் ஜேக்கோபி இல்லை, உயிருக்கு உயிரான தோழி டோனா இல்லை. வாங்கி வைத்திருந்தது பொருள் புரியாத ஒரு பறவை. பொருள் புரியாததால்தான் அதனால் எதையும் மறைக்கவும் முடியவில்லை.

ஆனால் பலர் தவறவிடுவது இதற்கு அடுத்த படி. மைனா சொன்னது உண்மை, ஆனால் பாதி உண்மை. அது இருந்தது மரவீட்டில். கொலை நடந்தது கைவிடப்பட்ட ரயில் பெட்டியில். மரவீட்டில் நடந்த கொடுமைக்கு லியோவும் ஜாக்கும் பொறுப்பு. அதை மட்டும் வைத்துக்கொண்டு போனால் வழக்கு அவர்கள் இருவரோடு முடிந்துவிடும். மைனாவின் சாட்சியம் லாராவின் காதலர்களையும் அவளைப் பயன்படுத்தியவர்களையும் காட்டிக்கொடுக்கிறது. அப்பாவைத் தொடவே இல்லை.

அப்பாவைத் தொடுவது இன்னொரு சாட்சி. எபிசோடு 5-இல் மார்கரெட்டின் வீடு, எப்போதும் ஒரு மரக்கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அது பேசுவதாகச் சொல்லும் பெண்மணி. உள்ளே வந்தால் ஆந்தைகள் நம்மைப் பார்க்காது என்று சொல்லி டீயும் பிஸ்கட்டும் கொடுத்துவிட்டு, கட்டை கண்டதைச் சொல்கிறார். அதில் ஆந்தை மூன்று முறை வருகிறது, மூன்றும் வேறு வேறு நிலை. முதலில் சிரிப்புச் சத்தம், ஆந்தைகள் பறந்தன, இரண்டு ஆண்கள், இரண்டு பெண்கள். அடுத்து, ஆந்தைகள் பக்கத்தில் இருந்தன, இருட்டு அவளை நெருக்கியது. பிறகு அமைதி, காலடிச் சத்தம், ஒரு ஆண் கடந்து போனான், தூரத்தில் அலறல். கடைசியில் ஆந்தைகள் மௌனமாக இருந்தன. எண்ணிப் பாருங்கள்: லியோ, ஜாக், அதற்கு மேல் ஒருவன். மூன்றாவது ஆள் இருக்கிறான் என்பது இங்கேதான் முதலில் கிடைக்கிறது. ஆந்தை இங்கே கொலைகாரன் இல்லை. பார்த்துக்கொண்டிருந்த கூட்டம். கடைசியில் வாயை மூடிக்கொண்ட கூட்டம்.

குறுந்தொகை படித்தவர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதில்லை. கபிலரின் 25-ஆம் பாட்டில் தலைவன் தன்னை மணந்தபோது வேறு யாருமே இல்லை, ஓடும் நீரில் ஆரல் மீனுக்காகக் காத்திருந்த குருகு மட்டும் இருந்தது என்கிறாள் தலைவி. அவன் பொய் சொன்னால் என்ன செய்வாள்? குருகு சாட்சிக்கு வராது, அதன் கவனம் மீனில். அங்கே குருகு எதன் குறியீடு என்று கேட்பதைவிட, அந்தப் பெண்ணுக்கு வேறு சாட்சியே இல்லை என்பதுதான் முக்கியம். லிஞ்சின் ஆந்தையையும் அப்படிப் படித்துப் பாருங்கள். ஆந்தை அலறினால் கெட்ட சகுனம் என்று பழகிய நமக்கு அதை உடனே தீமையோடு சேர்த்துவிடும் அவசரம் இருக்கிறது.

அப்படியானால் ‘ஆந்தைகள் தோற்றத்தில் தெரிவது போல் இல்லை’ என்று கூப்பருக்குத் தோன்றும் ராட்சதன் சொல்வது? எபிசோடு 16-இல் லாராவின் அப்பா லீலண்ட் இறந்தபின் பாப் எங்கே போனான் என்ற பேச்சு முடிந்ததும் ஆந்தை ஒன்று கேமராவை நோக்கிப் பறந்து வருவது? அதை மறுக்கவில்லை. பாப்பும் ஆந்தையும் தொடர்பு உள்ளவர்கள்தான். ஆனால் அந்தப் பேச்சிலேயே இருக்கும் சங்கடத்தைப் பாருங்கள். ஒரு அப்பா மகளுக்கு ஆண்டுக்கணக்கில் செய்ததை நம்புவது சுலபமா, ஆவி ஒன்று உள்ளே புகுந்தது என்று நம்புவது சுலபமா என்ற கேள்வியைக் கூப்பரும் உடன் இருக்கும் ஆண்களும் காட்டில் நின்று கேட்டுக்கொள்கிறார்கள். பதில் வரவில்லை, ஆந்தை வருகிறது. ‘ஆந்தை = பாப்’ என்று சமன்பாடு போடுகிறவர்கள் அந்த ஆண்களைப் போலவே லீலண்டை வெளியே விட்டுவிடுகிறார்கள். 1992-இல் வந்த ‘ஃபயர் வாக் வித் மீ’ படம் அந்தக் கதவை அடைக்கிறது. அதில் சாப்பாட்டு மேஜையில் லாராவின் கையைப் பிடித்து நகத்தடியில் அழுக்கு என்று மிரட்டுவது ஆந்தையும் இல்லை, பாப்பும் இல்லை. லீலண்டின் முகம்.

சின்ன உதாரணங்கள் இரண்டு, வேகமாக. எபிசோடு 1-இல் மர ஆலை முதலாளி ஜோசியைப் பார்த்துப் பேசியதும், எத்தனை நாளாக அவளோடு பழகுகிறாய் என்று கூப்பர் ஷெரிஃப் ட்ரூமனைக் கேட்கிறார். எப்படித் தெரியும் என்கிறார் ட்ரூமன். உடல்மொழி. அதே நேரத்தில் அந்த வீட்டில் இருக்கும் பீட் ஓடிவந்து, காபியைக் குடிக்காதீர்கள், பெர்கொலேட்டரில் மீன் கிடந்தது என்கிறார். வெளியே தெரியாத ஒன்று பாத்திரத்துக்குள் கிடக்கிறது, வாசனை மட்டும் வெளியே வந்துவிட்டது. ஜோக்காகவும் வேலை செய்கிறது, ரகசியக் காதலாகவும் வேலை செய்கிறது. இன்னொன்று பைலட்டில்: லாக்கப்பில் லாராவின் காதலன் பாபியும் அவன் நண்பன் மைக்கும் எதிரே இருக்கும் ஜேம்ஸைப் பார்த்து நாயைப் போலக் குரைக்கிறார்கள். லாராவின் அதிகாரபூர்வக் காதலனுக்கும் ரகசியக் காதலனுக்கும் நடுவில் பேச வார்த்தையே கிடையாது. அந்தப் பாபி 2017-இல் வந்த மூன்றாம் சீசனில் போலீஸ்காரனாக வந்து லாராவின் படத்தைப் பார்த்து உடைந்து அழும்போது அந்தக் குரைப்பு என்னவாக இருந்தது என்று புரியும்.

இனி குதிரை. 1990 நவம்பர் 10 அன்று வந்த எபிசோடு 14. லாராவின் அம்மா சாரா பாமர் மாடிப்படியில் தவழ்ந்து இறங்கி வருகிறாள். கூடத்தில் வெளிச்சத்துக்குள் ஒரு வெள்ளைக் குதிரை. பார்த்ததும் மயங்கி விழுகிறாள். லீலண்ட் கண்ணாடி முன் நின்று டை கட்டிக்கொண்டிருக்கிறார், கண்ணாடியில் பாப். இசைத்தட்டு முடிந்து ஊசி சும்மா சுற்றுகிறது. லாராவின் உறவுக்காரப் பெண் மேடி மேலேயிருந்து இறங்கி வந்து கொலையாகிறாள்.

குதிரைக்கு வழக்கமாகச் சொல்லும் விளக்கம் இரண்டு. பைபிளின் வெளிறிய குதிரை, அதன்மேல் மரணம். அல்லது ஆங்கிலக் கொச்சையில் குதிரை என்றால் ஹெராயின். இரண்டுமே தப்பில்லை, ஆனால் இரண்டும் சாராவை மறந்துவிடுகின்றன. குதிரை அந்த வீட்டில் வேறு யாருக்கும் தெரிவதில்லை. படத்தில் அது மறுபடி வருகிறது: லீலண்ட் ஒரு டம்ளர் பாலைக் கொண்டுவந்து மனைவியைக் குடிக்க வைக்கிறார், பிறகுதான் குதிரை. இந்த வரிசையை வைத்துக்கொண்டு எபிசோடு 14-க்குத் திரும்பிப் போனால், குதிரை வரும் நேரம் தெளிவாகிவிடும். கணவன் அவள் கண்ணை மூடும் நொடி அது. பாப்பை லாராவின் கட்டில் காலடியில் பார்த்தவள் சாராதான். போலீசுக்கு அடையாளம் சொல்லிப் படம் வரைய வைத்தவளும் அவள்தான். எல்லாம் பார்க்கிறாள், கணவனின் முகத்தை மட்டும் பார்க்க விடாமல் ஏதோ தடுக்கிறது. 2017-இன் எட்டாம் பாகத்தில் காட்டுமனிதன் வானொலியில் திரும்பத் திரும்பச் சொல்வதும் இதுவே: குதிரை கண்ணின் வெண்மை, உள்ளே இருட்டு. கண் மேலே செருகினால் தெரியும் வெள்ளை அது.

அந்த எட்டாம் பாகத்தின் பாதித் தவளை, பாதி அந்துப்பூச்சி பற்றியும் இதே அளவுகோல்தான். 1945 ஜூலை 16 அணுகுண்டுச் சோதனையிலிருந்து 1956-க்குத் தாவுகிறோம், நியூ மெக்சிகோ பாலைவனத்தில் முட்டை பொரிகிறது. எல்லோரும் அணுகுண்டையும் பூச்சியையும் பேசுகிறார்கள். நடுவில் ஒரு பையன் ஒரு பெண்ணை வீடுவரை கொண்டுபோய்விட்டு, அனுமதி கேட்டு, ஒரு முத்தம் தருகிறான். ஏறக்குறைய அந்த மணிநேரத்தின் ஒரே மென்மையான உறவு. அன்றிரவே பூச்சி அவள் ஜன்னல் வழியாக ஏறி வாய்க்குள் போகிறது. முத்தத்தை எடுத்துவிட்டால் அது வெறும் அருவருப்பு.

இந்த அளவுகோலில் தோற்றுப்போகும் விலங்கும் தொடரிலேயே இருக்கிறது, பைன் வீசல். கேத்தரினின் நிலத் திட்டத்தைத் தடுக்க, ஊரின் ஹோட்டல் முதலாளி பென் ஹார்ன் திடீரென இயற்கை ஆர்வலராகி, அழியும் இனம் என்று அந்தக் கீரி போன்ற பிராணியைத் தூக்கிப் பிடிக்கிறார். ஃபேஷன் ஷோ மேடையில் அது டிக் ட்ரெமெய்னின் மூக்கைக் கடிக்கிறது. கூச்சல், கலவரம், அவ்வளவுதான். யாருக்கும் யாருக்கும் நடுவில் மறைந்திருந்த எதையும் அந்தக் கடி வெளியே கொண்டுவரவில்லை. கொலையாளி தெரிந்தபின் இரண்டாம் சீசன் தள்ளாடியதற்குப் பல காரணம் சொல்வார்கள், எனக்கு இந்த வீசல் ஒன்றே போதும்.

மொத்தம் முதல் இரண்டு சீசனில் 30, மூன்றாவதில் 18, நடுவில் ஒரு படம். விலங்குகளுக்காக மட்டும் மறுபடி பார்ப்பதென்றால் பைலட், 1, 5, 6, 14, 16, பிறகு படம், பிறகு 2017-இன் 2 மற்றும் 8 போதும். படத்தை முதலில் பார்த்துவிடாதீர்கள். அது பின்கதைதானே என்று ஆரம்பித்தால் பால் டம்ளர் வெறும் டம்ளராகவே போய்விடும். 2017-இன் இரண்டாம் பாகத்தில் சாரா டிவியில் சிங்கங்கள் எருமையைக் கொல்வதைப் பார்த்துக்கொண்டிருப்பாள், அங்கே திரையைப் பார்க்காமல் அவள் முகத்தைப் பாருங்கள். இன்னொன்று, ஐரோப்பிய வீடியோவுக்காகத் தனி முடிவு ஒட்டிய பைலட் ஒன்று சுற்றுகிறது. அதில் வழக்கு அங்கேயே முடிந்துவிடும். அந்தப் பதிப்பு கையில் கிடைத்தால் கடைசி இருபது நிமிடத்தை விட்டுவிடுங்கள்.