பிள்ளைகளுக்கு முதலில் எடுக்கக் கற்றுக்கொடுங்கள்

உலகச் சுற்றுச்சூழல் தினமான ஜூன் 5 நெருங்கினாலே பள்ளி வாட்ஸ்அப் குழுக்களில் ஆரம்பித்துவிடும். யுகேஜி பிள்ளை வீட்டுக் குப்பையில் ஏதாவது கலைப்பொருள் செய்துகொண்டு வர வேண்டுமாம். அதற்கென்றே கடைக்குப் போய்ப் புது ஐஸ்குச்சி ஒரு கட்டு, தெர்மாகோல், ஜிகினாத்தூள் எல்லாம் வாங்கி, ராத்திரி பதினொரு மணிக்கு அம்மா உட்கார்ந்து ஒட்டிக்கொண்டிருப்பார். மறுநாள் 'நெகிழியைத் தவிர்ப்போம்' என்ற ஃபிளெக்ஸ் பேனருக்குக் கீழே பிள்ளையை நிறுத்தி ஒரு போட்டோ.

மரம் நடு, தண்ணீரைச் சேமி எல்லாம் ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு மனப்பாடம். ஆனால் ஒரு செடியிலிருந்து எவ்வளவு பறிக்கலாம், எப்போது கை வைக்கக் கூடாது, எடுத்த பிறகு என்ன செய்ய வேண்டும், இதையெல்லாம் நான் பார்த்தவரை யாரும் சொல்லித்தருவதில்லை. பழங்குடி மக்களிடம் நாம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான்.

ஆனைமலைக் காடர்கள் காட்டுக்கிழங்கு தோண்டும் முறையைப் பாருங்கள். கிழங்கை எடுத்துக்கொண்டு, கொடியோடு ஒட்டியிருக்கும் தலைப்பகுதியைத் திரும்பக் குழியிலேயே வைத்து மண்ணைத் தள்ளி மூடிவிடுவார்கள். மழைக்கு அது மறுபடி துளிர்க்கும். நியூசிலாந்தின் மாவோரிகள் கூடை முடைவதற்கு ஹரகெக்கே என்ற செடியின் நீண்ட இலைகளை அறுப்பார்கள். நடுக்குருத்துதான் குழந்தை, அதை அணைத்தாற்போல் இரண்டு பக்கமும் நிற்பவை அப்பா அம்மா, அந்த மூன்றையும் தொடக் கூடாது, வெளிப்பக்க இலைகளை மட்டும்தான் அறுக்கலாம், மழை பெய்யும்போது அதுவும் கூடாது. மூன்று வயதுப் பிள்ளைக்கு இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது? அங்கே 1996இல் மழலையர் கல்விக்கென்று வந்த 'தே ஃபாரிக்கி' பாடத்திட்டத்தை மாவோரிகளையும் சேர்த்துக்கொண்டுதான் எழுதினார்கள், விளையாட்டு வழியாகக் கற்பதும் அதில் முக்கியம்.

இந்தக் கிழங்கு விஷயத்தை எங்கள் அடுக்ககப் பிள்ளைகளோடு விளையாடிப் பார்த்தோம். பெரிய தட்டில் மணல், அதற்குள் சேப்பங்கிழங்கு, ஒவ்வொன்றிலும் கொடி மாதிரி ஒரு சணல் நூல். கிழங்கை எடுத்தவர் நூலைத் திரும்ப மணலில் நட்டு மூட வேண்டும், நூல் நிற்கும் இடத்தில்தான் அடுத்த சுற்றுக்குக் கிழங்கு வைப்பேன். முதல் சுற்றிலேயே ஒரு பையன் கைக்கு வந்ததையெல்லாம் பிடுங்கி நூல்களைச் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டான். இரண்டாம் சுற்றில் வெறும் மணல்! "அத்தை, இவன் எல்லாத்தையும் புடுங்கிட்டான்" என்று ஒரே கூச்சல். நான் வாயைத் திறக்கவில்லை. பிள்ளைகளே சண்டை போட்டு, ஆளுக்கு ரெண்டுதான், நூலை நடாதவன் அடுத்த ஆட்டத்தில் கிடையாது என்று முடிவுக்கு வந்தார்கள். அந்தப் பையன்தான் அப்புறம் மற்றவர்கள் நூலைச் சரியாக நடுகிறார்களா என்று அதட்டிக்கொண்டு திரிந்தான், அது தனிக்கதை.

ஆனால் இதையே நாளைக்கு ஏதாவது நிறுவனம் பளபளவென்று பெட்டியில் போட்டு 'பழங்குடி ஞானம்' என்று எழுதி ஆயிரம் ரூபாய்க்கு விற்கும், அதில் காடர்களுக்கு ஒரு பைசா போகாது. அந்தப் பக்கம், யாருடைய அறிவோ அது, அவர்களின் பிள்ளைகளே உண்டு உறைவிடப் பள்ளிகளில் தங்கிப் படிப்பதால், கிழங்குக்கும் தேனுக்கும் பெரியவர்கள் காட்டுக்குப் போகும் நாட்களில் பல பிள்ளைகள் கூட இருப்பதில்லை. பள்ளி வேண்டாம் என்று சொல்லவில்லை, கட்டாயம் வேண்டும். காடு தெரிந்த ஒரு பாட்டியையோ தாத்தாவையோ அந்தப் பள்ளிகளில் ஆசிரியராக உட்கார வைத்தால் என்ன? சான்றிதழ் எதுவும் கேட்காமல், மாதச் சம்பளத்தோடு. ஆண்டு விழாவுக்குக் கூப்பிட்டு, தலையில் இறகு செருகி, ஒரு பாட்டு பாடச் சொல்லி, பொன்னாடை போர்த்தி அனுப்புவதை நிறுத்திவிட்டு இதைச் செய்யலாம்.