மறுத்து எழுதினால் 17(பி) கிடையாது

அரசு ஊழியர்களுக்கு அகவிலைப்படி அறிவிப்பு வந்தால் போதும், செய்திக்குக் கீழேயே பத்துப் பேர் "வேலையே பார்க்காதவனுக்கு இது வேறயா" என்று எழுதிவிடுகிறார்கள். வருவாய்த்துறையில் இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எனக்குக் கோபம் வர வேண்டும். வருவதில்லை. தாலுகா ஆபீஸில் கால் கடுக்க நின்றவர் அப்படித்தான் எழுதுவார். அவர் சொல்லும் காரணம்தான் எனக்கு ஒப்பவில்லை. சோம்பேறிகள் எல்லா இடத்திலும் உண்டு. லஞ்சமும் உண்டு, இல்லையென்று சொன்னால் ஊரே சிரிக்கும். ஆனால் சீட்டில் உட்கார்ந்தவரைக் காலையிலிருந்து மாலைவரை ஆட்டிவைப்பது இந்த இரண்டையும்விடப் பெரிய ஒன்று: கையெழுத்துப் போடப் பயம்.

வாரிசுச் சான்று கேட்டு ஒரு மனு வருகிறது என்று வையுங்கள். இறந்தவர் பெயர் இறப்புச் சான்றில் கருப்பாயி, ஆதாரில் கருப்பாயம்மாள், ரேஷன் கார்டில் கருப்பாத்தாள். மூன்றும் ஒரே கிழவிதான் என்று அந்தத் தெரு நாய்க்குக்கூடத் தெரியும். வி.ஏ.ஓ. விசாரித்து ஒரே நபர்தான் என்று எழுதியிருப்பார், வருவாய் ஆய்வாளரான ஆர்.ஐ.யும் பரிந்துரைத்திருப்பார். சான்று கொடுத்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் நாலு வருஷம் கழித்து, பட்டியலில் விட்டுப்போன மகள் ஒருத்தி கலெக்டரிடம் மனு கொடுத்தால், "பெயர் வேறுபாட்டைக் கவனிக்காமல் சான்று வழங்கியது ஏன்" என்று மெமோ வரும். சரி, கொடுக்காவிட்டால்? "உரிய நீதிமன்றத்தை அணுகிப் பரிகாரம் தேடிக்கொள்ளலாம்" என்று ஒரு வரி எழுதினால் போதும். மனு முடிந்தது. மாதாந்திரக் கணக்கில் தீர்வு கண்ட மனுக்களில் அதுவும் ஒன்று. அந்த வரியை எழுதியதற்காகத் தண்டனை வாங்கிய ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை.

வெளியில் இருப்பவர்களுக்கு 17(பி) என்றால் தெரியாது. எங்கள் ஒழுங்கு நடவடிக்கை விதிகளில் 17(ஏ) சின்னத் தண்டனைக்கு: விளக்கம் கேட்பார்கள், கண்டனத்தோடோ இன்கிரிமென்ட் நிறுத்தத்தோடோ போய்விடும். 17(பி) பெரியது. குற்றச்சாட்டுக் குறிப்பாணை, விசாரணை அலுவலர், சாட்சி என்று நீண்டு டிஸ்மிஸ் வரை போகலாம். "அவருக்கு 17பி வந்துடுச்சாம்" என்று ஆபீஸில் சொல்லும்போது குரல் தானாகவே இறங்கிவிடும். கடைசியில் கிடைக்கும் தண்டனையைவிட நிலுவைதான் ஆளைக் கொல்லும். அது முடியும்வரை பதவி உயர்வு பேனலில் பெயர் ஏறாது. விசாரணை அலுவலர் மாறுதலில் போவார், வந்தவர் முதல் பக்கத்திலிருந்து படிப்பார். நடுவில் தேர்தல் வரும், வருஷா வருஷம் கிராமக் கணக்கைச் சரிபார்க்கும் ஜமாபந்தி வரும், புயல் வரும்.

புயல் என்றதும் ஞாபகம் வருகிறது. 2015 வெள்ளத்தில் என்னுடைய நண்பர் ஒருவர் நிவாரணப் பட்டியல் போடும் வேலையில் இருந்தார். ஆற்றோரக் குடிசைகளில் ரேஷன் கார்டு வெள்ளத்தோடு போய்விட்டது. கார்டு நகல் இல்லாமல் நிவாரணம் இல்லை என்று திருப்பி அனுப்பியிருக்கலாம். அவர் பக்கத்து வீட்டுக்காரர்களிடம் விசாரித்து, ஒரு வெள்ளைத்தாளில் வாக்குமூலம் வாங்கிக்கொண்டு பெயரைச் சேர்த்தார். தணிக்கைக்கு வந்தவர்கள் அந்தப் பெயர்களைச் சிவப்பு மையில் வட்டம் போட்டார்கள். அப்புறம் 17(பி). அவரைவிட ஜூனியர்கள் துணை தாசில்தார் ஆகி, அவருக்கே ஃபைலைத் திருப்பி அனுப்பும் நிலை வந்தது. குற்றச்சாட்டு கடைசியில் கைவிடப்பட்டது. ஆனால் அந்த ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த இளநிலை உதவியாளர்கள் எல்லோரும் அந்தச் சில வருஷங்கள் அவரைப் பார்த்துத்தான் தொழில் கற்றார்கள். புதிதாக வேலைக்கு வந்தவர்களுக்கு அரசு பவானிசாகரில் நடத்தும் பயிற்சியில் சொல்லித் தராத பாடம் அது.

ஓய்வு பெறும் நாளும் இதிலிருந்து தப்பவில்லை. மாதக் கடைசி, சால்வை, மாலை, குடும்பத்தோடு போட்டோ எல்லாம் உண்டு. ஆனால் அன்று சாயங்காலம் சஸ்பெண்ட் ஆர்டர் வந்துவிடுமோ என்று தபால் பிரிவு மேசையையே பார்த்துக்கொண்டிருந்தவர்களை எனக்குத் தெரியும். அடிப்படை விதி 56(1)(சி) அதற்கு வழி வைத்திருக்கிறது: குற்றச்சாட்டு நிலுவையில் சஸ்பெண்ட் ஆகியிருந்தால் ஓய்வு பெற விடாமல் பணியிலேயே நிறுத்தி வைக்கலாம். ஓய்வு பெறும் நாளில் சஸ்பெண்ட் செய்வது தவிர்க்கப்படும் என்று 2021 செப்டம்பரில் முதலமைச்சர் ஸ்டாலின் சட்டமன்றத்தில் 110 விதியின் கீழ் அறிவித்தார். சட்டமன்றத்தில் அறிவிக்க வேண்டிய அளவுக்கு அது வழக்கமாகிப் போயிருந்தது.

மேலே இருப்பவர்களுக்கு இந்தப் பயம் இல்லையென்று நினைக்க வேண்டாம். மத்திய நிலக்கரித்துறைச் செயலாளராக இருந்த எச்.சி. குப்தா, நேர்மையானவர் என்று சக அதிகாரிகளிடம் பேர் வாங்கியவர். சுரங்க ஒதுக்கீட்டு வழக்கு ஒன்றில் 2017இல் அவருக்குச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. ஐ.ஏ.எஸ். வட்டாரமே கொதித்தது. 2018இல் ஊழல் தடுப்புச் சட்டத்தைத் திருத்தினார்கள். கெட்ட நோக்கமே இல்லாமல் எடுத்த முடிவுக்கும் அதிகாரியை மாட்டிவிடக்கூடிய பிரிவு நீக்கப்பட்டது. நல்லதுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அது போலீஸ் வழக்குக்கான சட்டம். தாலுகா ஆபீஸ் கிளார்க்குக்கு வரும் 17(பி) இருந்த இடத்திலேயே இருக்கிறது.

இதிலே பெரிய வேடிக்கை என்னவென்றால், கைநீட்டுகிறவனை இந்த முறை அவ்வளவாகத் தொடுவதில்லை. லஞ்ச ஒழிப்புப் போலீஸ் பொறி வைத்துப் பிடித்தால்தான் உண்டு. அவன் ஃபைல் கண்ணாடி மாதிரி இருக்கும். ஒவ்வொரு இணைப்பும் இருக்கும், ஒவ்வொரு பக்கத்துக்கும் எண் இருக்கும். பணம் வாங்கியவன் பேப்பரில் கவனமாக இருப்பான். பாவம் பார்த்து ஒரு இணைப்பை விட்டுக்கொடுத்தவன்தான் தணிக்கையில் சிக்குகிறான். சந்தேகத்துக்கு இடமில்லாத மனுவைக்கூட "தெளிவுரை வேண்டி" என்று மேலே அனுப்பிவைப்பதும், மேலே இருப்பவர் "விதிகளின்படி நடவடிக்கை எடுக்கவும்" என்று கீழே தள்ளுவதும் இந்தப் பயத்தில் பிறந்த பழக்கங்கள். காலிப் பணியிடங்களால் ஒரே ஆள் இரண்டு மூன்று சீட்டைக் கூடுதல் பொறுப்பில் பார்க்கும்போது இது இன்னும் முற்றுகிறது. படிக்க நேரமில்லாத ஃபைலில் எவன் கையெழுத்துப் போடுவான்?

அரசு ஊழியர் சங்கங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2003 ஜூலை வேலைநிறுத்தத்தில் தமிழக அரசு ஊழியர்கள், ஆசிரியர்கள் என்று சுமார் 1,70,000 பேரை ஒரே அடியில் டிஸ்மிஸ் செய்தார்கள். வேலைநிறுத்தம் உங்கள் உரிமையே இல்லை என்று ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் சொன்னது. பெரும்பாலானவர்களைத் திரும்ப எடுத்தார்கள் என்றாலும், அதற்குப் பிறகு சங்கத்தின் பேச்சு பெரும்பாலும் பணத்தைச் சுற்றியே நின்றுவிட்டது. பென்ஷன், அகவிலைப்படி, விடுப்பைப் பணமாக்கும் சரண்டர். எல்லாம் நியாயமான கோரிக்கைதான். அவற்றோடு இன்னும் இரண்டைச் சேர்க்கச் சொல்கிறேன்.

ஒழுங்கு நடவடிக்கையை ஆறு மாதத்தில், போனால் ஒரு வருஷத்துக்குள் முடிக்க வேண்டும் என்று பிரேம்நாத் பாலி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2015இலேயே சொல்லியிருக்கிறது. அந்தக் கெடு தாண்டினால் அந்த ஊழியரின் பெயரைப் பேனலில் சேர்த்துவிட வேண்டும் என்று விதியில் எழுதச் சொல்லுங்கள். இரண்டாவது, மறுத்த மனுக்களையும் தணிக்கை செய்யச் சொல்லுங்கள். ஜமாபந்திக்கு வரும் அதிகாரி கிராமக் கணக்கைப் பார்ப்பதோடு, "நீதிமன்றத்தை அணுகலாம்" என்று முடித்த ஃபைல்களில் பத்தை உருவி எடுத்து, ஏன் கொடுக்கவில்லை என்று கேட்கட்டும். இந்த இரண்டாவதை நம் ஆட்களே எதிர்ப்பார்கள் என்று எனக்குத் தெரியும். எதிர்ப்பவர்கள் கீழே வந்து எழுதுங்கள், பேசலாம்.