பிரான்மலைக்கு ரோப் கார் வேண்டாம், சுனையைத் தூர்வாருங்க

எங்க குடும்ப வாட்ஸ்அப் குரூப்புல பொங்கலுக்கு மறுநாள் ஆரம்பிச்ச சண்டை இன்னும் ஓயலை. கொளுத்திப் போட்டது என் மாப்ள, அதாவது வீட்டுக்காரியோட தம்பி. பதினோரு வருஷமா சிங்கப்பூர்ல வேலை. லீவுக்குக் காரைக்குடி வந்தவன் சும்மா இருந்தானா? மெக்ரிட்சி நீர்த்தேக்கத்தைச் சுத்தி நடந்தது, மரங்களுக்கு மேல தொங்குற 250 மீட்டர் பாலத்துல நின்னது, புக்கிட் தீமா உச்சியில கட்டை விரலைத் தூக்கிக் காட்டினதுன்னு வரிசையாப் படத்தை இறக்கிட்டு, "அத்தான், நம்ம பக்கம் இப்படி ஒரு இடம் இருக்கா? மேடு, காடு, தண்ணி, நடக்க ஒரு பாதை? கருவேலமும் வெயிலும்தானே இருக்கு"ன்னு கேட்டுட்டான்.

அவன் கேட்டதுல தப்பில்லை. நம்மாளுக சொன்ன பதில்தான் எனக்குப் பொறுக்கலை. சித்தப்பா மகன் ஒருத்தன், "பிரான்மலைக்கு ஒரு ரோப் கார் போடட்டும். மேல ஒரு பார்க்கு, கலர் லைட்டு, செல்ஃபி எடுக்க ஒரு இடம். அப்புறம் பாரு கூட்டத்தை"ன்னான். அதுக்குப் பதினாலு பேர் லைக் போட்டாங்க. அந்தப் பதினாலுல பாதிப் பேர் பிரான்மலையை பஸ் ஜன்னல் வழியாத்தான் பார்த்திருப்பாங்க.

நான் மாப்ளகிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டேன். "புக்கிட் தீமா எவ்வளவு உயரம்டா?"

"163 மீட்டர் அத்தான். உச்சியில எழுதியே வச்சிருக்கான்."

சிவகங்கை மாவட்டத்துல இருக்குற நம்ம பிரான்மலை சுமார் 2,500 அடி. கணக்குப் போட்டா 750 மீட்டர் கிட்ட வருது. "நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு ரெடியா இரு"ன்னேன்.

ஆறு மணி ஏழரை ஆச்சு. கட்டுச்சோறு இல்லாம மலைக்கு அனுப்ப மாட்டேன்னு மாமியார் பிடிவாதம். புளிச்சோறு, பருப்புத் துவையல், பொங்கலுக்குச் சுட்டதுல மிஞ்சின தேன்குழல். திருப்பத்தூர், சிங்கம்புணரின்னு நின்னு நின்னு டீயைக் குடிச்சு அடிவாரம் போய்ச் சேர்றப்ப மணி ஒன்பதைத் தாண்டிருச்சு. மலையேறப் போறவன் செய்யக்கூடாத முதல் தப்பு அது. ரெண்டாவது தப்பு, சோத்தைக் கட்டின அக்கறை தண்ணியில இல்லை. ரெண்டு ஆளுக்கு ஒரே ஒரு லிட்டர் பாட்டில்.

அடிவாரத்துல கொடுங்குன்றநாதர் கோயில். சம்பந்தர் பாடின தலம், குன்றக்குடி ஆதீனத்துக் கோயில். பாதாளம், பூமி, கைலாயம்னு மலைச்சரிவோட சரிவா மூணு நிலையில சாமி இருக்கு. நம்மாளுக கும்பிட்டுட்டு இங்கேயே திரும்பிடுவாங்க. அதுக்கு மேல ஏறுறது உச்சியில இருக்குற தர்காவுக்குப் போறவங்க, ஆடு மேய்க்கிறவங்க, அப்புறம் காலேஜ் பசங்க. கீழ சிவன், மேல தர்கா. ரெண்டுக்கும் நடுவுல இருக்குற மலை யாருக்குமே சொந்தமில்லாத மாதிரி கிடக்கு.

முதல் அரை மணி நேரம் மாப்ள பேசிக்கிட்டே வந்தான். அப்புறம் பேச்சு நின்னுருச்சு. சூரை முள் அவன் பேண்ட்டைப் பிடிச்சு இழுக்குது, பாறை இடுக்குல இச்சி மரம் வேரைப் பின்னிப் படியாக்கி வச்சிருக்கு. சுக்குநாறிப்புல்லை மிதிச்சா எலுமிச்சை வாசம் குப்புன்னு ஏறுது. பாதின்னு நான் நினைச்ச இடத்துல தண்ணி காலி. அது பாதியே இல்லைங்கிறது பின்னாடிதான் தெரிஞ்சது.

அங்கதான் அந்தப் பெரியவரைப் பார்த்தோம். இருபது இருபத்தஞ்சு ஆடு, தோள்ல துண்டு, கையில தொரட்டி. எங்களை ஏற இறங்கப் பார்த்துட்டு, "ஏந்தம்பி, பத்து மணி வெயில்ல மலை ஏறச் சொல்லி எவன் சொல்லிக் குடுத்தான்?"னாரு. தன்னோட பழைய கூல்டிரிங்ஸ் பாட்டில்ல இருந்த தண்ணியைக் குடுத்தாரு. குடிச்சு முடிச்சப்புறம், "வாங்க, தண்ணி எங்க இருக்குன்னு காட்டுறேன்"னு கூட்டிட்டுப் போனாரு.

ரெண்டு பெரிய பாறைக்கு நடுவுல ஒரு சுனை. ஒரு கட்டில் போடுற அளவுதான் வாய். ஓரத்துல பாசி, நடுவுல கண்ணாடி. குனிஞ்சு பார்த்தா தலைப்பிரட்டைங்க வால் ஆட்டிக்கிட்டு நிழலுக்கு ஓடுதுக. தண்ணி மேல ஒரு தும்பி உட்காரவும் எழும்பவுமா இருந்துச்சு. அதுக்குப் பக்கத்துலயே ஒரு ஷாம்பு பாக்கெட், ரெண்டு தண்ணி பாட்டில், பாதி முழுகின ஒரு பிஸ்கட் உறை.

பெரியவர் அவரா வச்ச பேர்ல சொன்னாரு. "இது கெட்டிச் சுனை. சித்திரையிலயும் கொஞ்சம் கிடக்கும். அந்தா, அது ஓட்டைச் சுனை. மாசியிலயே காஞ்சிரும்." ஏன் அப்படின்னு கேட்டேன். கெட்டிச் சுனைக்கு வாய் சின்னது, குழி ஆழம், மத்தியான வெயில் விழாது. மேல இருக்குற வழுக்குப் பாறையில ஐப்பசி கார்த்திகை மழை விழுந்து அப்படியே இதுக்குள்ள இறங்குது. ஓட்டைச் சுனை தட்டை, அடியில வெடிப்பு வேற. "முன்ன இதுல என் கம்பு முழுசா முங்கும். இப்ப மண்ணும் சருகும் ஏறி முழங்கால் அளவுதான்"னு கம்பை விட்டுக் காட்டினாரு. ஈரம் எங்க நிக்குதுன்னு ஒரு விரலை வச்சுக் காட்டினாரு. அந்தக் கம்புதான் இந்தப் பதிவுக்கே காரணம்.

பாரியோட பறம்பு மலை இதுதான்னு நம்ம பக்கம் வழிவழியாச் சொல்றோம். பள்ளிக்கூடத்துல முல்லைக்குத் தேர் குடுத்த கதையோட நிறுத்திட்டாங்க. கபிலர் சொன்னதுல பாதி தண்ணியைப் பத்தி. மூவேந்தரும் சூழ்ந்து நின்னப்ப அவங்ககிட்ட அவர் சொல்றாரு: இந்த மலையில உழாமலே நாலு விளையும், மூங்கில் நெல், பலா, வள்ளிக்கிழங்கு, தேன். மலை வானம் மாதிரி அகலம், சுனைக வானத்து மீன் மாதிரி. புறநானூறு 109. சின்ன வயசுல அதை வெறும் புகழ்ச்சின்னு நினைச்சேன். பாட்டில் காலியான பிறகு அந்தப் பாறையில உட்கார்ந்தப்பதான் புரிஞ்சது, அது முற்றுகைக் கணக்கு. உள்ள சோறும் தண்ணியும் இருக்குற மலையை வெளிய உட்கார்ந்து பிடிக்க முடியாது.

இன்னொரு பாட்டு 118. பாறையும் சிறு குன்றும் சேர்ற இடத்துல, எட்டாம் நாள் பிறை மாதிரி வளைஞ்ச கரையோட, தெளிஞ்ச தண்ணி உள்ள சின்னக் குளம் ஒண்ணு. பாரி போனப்புறம் அந்தக் கரை உடையுதேன்னு பாடுறாரு. தேர் குடுத்த பாரின்னு ஒரு வார்த்தையோட சரி, கொடையைப் பத்தி நீட்டி முழக்கலை. உடையிற கரையைப் பார்த்து உருகுறாரு. கண்மாய்க்கரையில பிறந்து வளர்ந்தவனுக்கு அந்தத் துக்கத்தை யாரும் உரை எழுதி விளக்க வேண்டியதில்லை. மராமத்து பார்க்க ஆள் இல்லைன்னா முதல்ல போறது கரை.

சரி, இப்ப என் மானம் போன கதை. சுனையிலேர்ந்து கொஞ்சம் மேல ஏறினா ஒரு பெரிய வழுக்குப் பாறை. நான் அப்ப மாப்ளகிட்ட பிளாஸ்டிக் போடுறவனை, பாறையில பெயின்ட் அடிக்கிறவனை எல்லாம் பிடிச்சு உள்ள வைக்கணும்னு பேசிக்கிட்டு வந்தேன். அவன் திடீர்னு நின்னு சத்தமாப் படிக்கிறான். என் பேரு. கூட என் கூட்டாளிங்க ரெண்டு பேர் பேரு. கீழ "பி.காம். மூன்றாம் ஆண்டு, 1997." நீல எனாமல் பெயின்ட். மழை, வெயில், இருபத்தெட்டு இருபத்தொம்போது வருஷம். ஒரு எழுத்து அழியலை. அந்தப் பெயின்ட் கம்பெனிக்காரன் பார்த்தா விளம்பரத்துக்கு எடுத்துக்குவான்.

மாப்ள படம் எடுத்தான். குரூப்புல போட்டான். நாற்பது சிரிப்பு.

ஆனா சிரிச்சு முடிச்சதும் அவனே ஒரு விஷயம் சொன்னான். அவன் சிங்கப்பூர் போன புதுசுல புக்கிட் தீமாவை மூடி வச்சிருந்தாங்களாம். கூட்டம் நடந்து நடந்து மண்ணு கரைஞ்சு போச்சு, பாதையைச் சரி பண்ணணும்னு 2014 செப்டம்பர்ல மூடினது, நடுவுல சனி ஞாயிறு மட்டும் கொஞ்சம் விட்டு, 2016 அக்டோபர்லதான் முழுசாத் திறந்தாங்க. 163 மீட்டர் மேட்டுக்கு ரெண்டு வருஷம் ஓய்வு. நாம சிங்கப்பூர் மாதிரி வேணும்னு கேக்குறப்ப பாலத்தையும் லைட்டையும்தான் கேக்குறோம். அந்த ரெண்டு வருஷத்தை யாரும் கேக்குறதில்லை.

ரோப் கார் வந்தா என்ன ஆகும்னு எனக்கு ஓரளவு தெரியும். இப்ப மூச்சு வாங்கி ஏறுற ஐம்பது பேருக்குப் பதிலா உட்கார்ந்தே ஐயாயிரம் பேர் ஏறுவாங்க. அவங்களுக்குக் கடை வேணும், கக்கூஸ் வேணும், தண்ணி வேணும். அந்தத் தண்ணி கீழேர்ந்து மோட்டார்ல ஏறும், அழுக்கு மேலேர்ந்து சுனை வழியா இறங்கும். அந்தச் சரிவுல இறங்குற மழைத்தண்ணிதான் வரத்துக்கால் பிடிச்சு அடிவாரத்துக் கண்மாய்க்கு வருது. வயசானவங்க தர்காவுக்கு எப்படிப் போவாங்கன்னு ஒரு அக்கா கேட்டாங்க, நியாயமான கேள்வி. வழுக்குற இடத்துல கைப்பிடிக் கம்பி, நடுநடுவுல நிழல், அது போதும்னு நினைக்கிறேன். என் நினைப்பு தப்பா இருக்கலாம். ஏறவே முடியாத ஒருத்தர் சொன்னா மாத்திக்கிறேன்.

நடை நமக்கென்ன புதுசா? இதே தை மாசம் நகரத்தார் காவடி எடுத்து செருப்பில்லாம பழனி வரைக்கும் நடக்குறாங்க. வீட்டுக்கு ஒருத்தராவது ஒரு தடவையாவது நடந்திருப்போம். ஆனா சாமி பேரைச் சொன்னாத்தான் கால் எழும்புது. சும்மா ஒரு மலையைப் பார்க்க நடக்குறதுன்னா கொடைக்கானல், மூணாறுன்னு வண்டி புக் பண்றோம். அரசாங்கம் 2024 அக்டோபர்ல ட்ரெக் தமிழ்நாடுன்னு 14 மாவட்டத்துல 40 பாதை அறிவிச்சது. நம்ம சிவகங்கை அதுல இல்லை. எனக்கு அதுல வருத்தம் பாதி, நிம்மதி பாதி. வெளியூர்க்காரங்களுக்கு நாம காட்டுறதும் செட்டிநாட்டு வீட்டுத் தேக்குத் தூணும் தரைக்கல்லும் கோழிக் குழம்பும்தான். ரெண்டு நாள்ல பார்த்துட்டுப் போயிடுறாங்க.

மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டியைப் பாருங்க. 2022 நவம்பர்ல தமிழ்நாட்டோட முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலம்னு அறிவிச்சாங்க. சுமார் 193 ஹெக்டேர். ஏழு குன்று, 72 ஏரி, 200 இயற்கைச் சுனை, 3 தடுப்பணைன்னு அரசாங்கமே கணக்குக் குடுத்துச்சு. வல்லூறு இருக்கு, எறும்புதின்னிங்கிற அழுங்கு இருக்கு, தேவாங்கு இருக்கு. சமணர் படுகையும் தமிழிங்கிற பழந்தமிழ் எழுத்தும் இருக்கு. 2024ல அந்தப் பக்கம் டங்ஸ்டன் சுரங்கம்னு ஏலம் முடிஞ்ச செய்தி வந்தப்ப ஊர் ஊரா ஜனம் கிளம்புச்சு. டிசம்பர்ல சட்டமன்றத்துல தீர்மானம், 2025 ஜனவரியில மத்திய அரசு ஏலத்தை ரத்து பண்ணிருச்சு. அந்த ஜனத்துக்கு எந்தக் குன்றுல எந்தச் சுனைன்னு தெரியும். டிவிக்காரன் மைக்கை நீட்டினா விரலை நீட்டிக் காட்டினாங்க. நாளைக்கு நம்மகிட்ட ஒருத்தன் மைக்கை நீட்டினா? எனக்குத் தெரிஞ்சது கெட்டிச் சுனையும் ஓட்டைச் சுனையும். அதுவும் போன வாரம் தெரிஞ்சது.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். திருப்பத்தூருக்குப் பக்கத்துல கொள்ளுக்குடிப்பட்டி. வேட்டங்குடி பறவைகள் சரணாலயம், 1977லேர்ந்து இருக்கு. கண்மாய்க்கு வர்ற பறவை மிரளும்னு அந்த ஊர்ல தீபாவளிக்கு வெடி போடுறதில்லை. பிள்ளைங்க இருக்குற ஊர்தான் அதுவும்.

அதனால நான் கேக்குறது கொஞ்சம்தான். வனத்துறை, ஆதீனம், தர்கா, பஞ்சாயத்து எல்லாரையும் கேட்டுக்கிட்டு, பங்குனியில தண்ணி வத்துறப்ப சுனையைக் கையால தூர்வாரணும். மண்வெட்டி, கூடை, அவ்வளவுதான். சிமென்ட்டைக் கொண்டு போய்ப் பூசிடாதீங்க, தலைப்பிரட்டைக்கு இடம் விட்டு அள்ளுங்க. சித்திரை வைகாசி ரெண்டு மாசம் கோயில், தர்காவுக்குத் தவிர மலையை மூடிடலாம். காஞ்ச புல்லுல ஒரு பீடி போதும். 2018 மார்ச்சுல குரங்கணியில மலையேறப் போனவங்க காட்டுத்தீயில செத்ததை மறந்துட்டோமா? அப்புறம் வழிகாட்டின்னு யாரையாவது வேலைக்கு வச்சா, அந்த ஆட்டுக்காரப் பெரியவர் மாதிரி ஆளுங்களை வையுங்க. சட்டையில பேட்ஜ் குத்தின, மலை தெரியாத பையன் வேண்டாம்.

உச்சிக்குப் போனோமான்னு கேட்டீங்கன்னா, போனோம். மணி பன்னிரண்டரை. தர்கா நிழல்ல உட்கார்ந்து புளிச்சோறு தின்னோம். அங்க இருந்தவர் ஒரு சொம்பு தண்ணி குடுத்தாரு. காத்து அப்படி ஒரு காத்து. கீழ பார்த்தா கண்மாய் கண்மாயா மின்னுது, ஒவ்வொண்ணும் வளைஞ்ச கரையோட. மாப்ள எண்ண ஆரம்பிச்சான். முப்பத்தேழு வரைக்கும் வந்துட்டு, வெயில் கண்ணைக் கூசுதுன்னு விட்டுட்டான். போன்ல படம் எடுக்கலை, சார்ஜ் இல்லை.

வர்ற ஞாயித்துக்கிழமை மறுபடி போறேன். என் பேரை நானே சுரண்டணும். தின்னர் வாங்கி வச்சிருந்தேன். இறங்குறப்ப பெரியவர்கிட்ட சொன்னதுக்கு, "அது வழிஞ்சு சுனைக்குள்ள இறங்கும்யா, கம்பி பிரஷ்ஷைக் கொண்டாந்து தேயி"ன்னாரு. ஆறு பிரஷ் வாங்கியாச்சு. கூட்டாளிங்க ரெண்டு பேர்ல ஒருத்தன் துபாய்ல இருக்கான், இன்னொருத்தன் இந்தப் பதிவைப் படிப்பான். டேய், உன் பேரு பெருசா இருக்கு, நீயே வந்து தேய்ச்சுக்க. காலைல அஞ்சரைக்கு திருப்பத்தூர் பஸ் ஸ்டாண்டு. ஆளுக்கு மூணு லிட்டர் தண்ணி.