வேலை செய்கிற சார்ஜரைக் காட்டுங்கள்

எத்தனை சார்ஜிங் ஸ்டேஷன் திறந்தோம் என்று ஆளாளுக்குக் கணக்குச் சொல்கிறார்கள். அதில் இன்றைக்கு எத்தனை வேலை செய்கிறது என்று ஒருவரும் வாயைத் திறப்பதில்லை. ஈவி, அதாவது மின்சார காரை ஹைவேயில் ஓட்டுகிறவனுக்கு அந்த இரண்டாவது கணக்குதான் வேண்டும்.

சென்னை - திருச்சி சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். மேப்பைத் திறந்தால் திண்டிவனம், விழுப்புரம், உளுந்தூர்பேட்டை, பெரம்பலூர் என்று வழிநெடுகச் சார்ஜர் காட்டுகிறது. அதை நம்பித்தான் குடும்பத்தோடு கிளம்பினோம். விழுப்புரம் தாண்டி ஒரு ஹோட்டல் வளாகத்தில் இருக்கும் ஃபாஸ்ட் சார்ஜரில் வண்டியை நிறுத்தும்போது பேட்டரி 14 சதவீதம். ஆப்பில் 'அவைலபிள்' என்று இருக்கிறது. சார்ஜர் ஒயரின் முனையிலுள்ள கன்னை வண்டியில் மாட்டினால் மெஷின் திரையில் 'ஃபால்ட்'. கழற்றி மாட்டியாயிற்று, வண்டியைப் பூட்டித் திறந்தாயிற்று, ஒன்றும் நடக்கவில்லை. நல்ல மே மாத வெயில். பின்சீட்டில் அம்மாவுக்குச் சாப்பாட்டு வேளையும் மாத்திரை வேளையும் தள்ளிக்கொண்டே போகிறது. ஹெல்ப்லைனைக் கூப்பிட்டால் மொழியைத் தேர்ந்தெடு என்கிறது, பாட்டு ஓடுகிறது, கடைசியில் ஒருவர் எடுத்து, "ரிமோட்ல ரீசெட் போடறேன், பத்து நிமிஷம் வெயிட் பண்ணுங்க சார்" என்கிறார். பத்து நிமிடம் கழித்தும் அதே ஃபால்ட்.

ஹோட்டல் வாட்ச்மேன் அண்ணன்தான் வந்து பார்த்தார். "சார், அந்தச் சிவப்பு பட்டனை யாரோ அமுக்கி விட்டிருக்காங்க பாருங்க" என்றார். எமர்ஜென்சி ஸ்டாப் பட்டன். ஏதாவது குழந்தை விளையாட்டாக அமுக்கியிருக்கும். ஒருமுறை அமுக்கினால் அது உள்ளேயே பூட்டிக்கொள்ளும், லேசாகத் திருகினால் வெளியே வந்துவிடும். அவர் திருகினார், மெஷின் ஓட ஆரம்பித்தது. சார்ஜர் கம்பெனியிடம் சம்பளம் வாங்காத மனிதருக்குத் தெரிந்த விஷயம், அதற்கென்றே உட்கார்ந்திருக்கும் ஹெல்ப்லைன் ஆளுக்குக் கேட்கத் தோன்றவில்லை. 'ஓடவில்லையா, முதலில் இந்தப் பட்டனைத் திருகுங்கள்' என்று தமிழில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி வைக்க என்ன செலவாகிவிடும்? லட்சக்கணக்கில் கொட்டி மெஷினை நட்டவர்களுக்கு ஒரு ஸ்டிக்கருக்கு மனசு வரவில்லையா?

சரி, மெஷின் ஓடுகிறது என்றே வைத்துக்கொள்வோம். காசு கட்டுவது அடுத்த கொடுமை. ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு ஆப், ஒவ்வொரு ஆப்புக்கும் ஒரு வாலட், அதில் முன்கூட்டியே பணம் போட்டுத்தான் ஆக வேண்டும். நமக்கு வேண்டியதைவிட அதிகமாகப் போடவைத்து, மிச்சத்தை அங்கேயே முடக்குகிறார்கள். சிக்னல் சரியாக இல்லாத இடத்தில் ஓடிபி வராமல் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். ரோட்டோர இளநீர்க் கடையில் க்யூஆரை ஸ்கேன் செய்து நாற்பது ரூபாய் கொடுக்க முடிகிற நாட்டில், கரண்டுக்குக் காசு கொடுக்க ஏன் இவ்வளவு பாடு? ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஏப்ரலுக்குப் பிறகு நிறுவப்படும் பொது சார்ஜர்களில், எந்த ஆப்பிலும் பதிவு செய்யாமலே பணம் கட்ட வழி இருந்தாக வேண்டும். 50 கிலோவாட்டும் அதற்கு மேலும் திறன் உள்ள ஃபாஸ்ட் சார்ஜர்களில் வங்கி அட்டையையே ஏற்க வேண்டும். நம்மிடம் யுபிஐ இருக்கிறது. அதை நேரடியாக மெஷினில் வைக்காததற்கு எந்தக் காரணமும் கிடையாது, நம் பணம் அவர்கள் வாலட்டில் தூங்க வேண்டும் என்ற ஆசையைத் தவிர.

சார்ஜர் ஓடியாக வேண்டும் என்பதைப் பிரிட்டனில் சட்டமாகவே போட்டுவிட்டார்கள். 2023-இல் வந்த விதிகளின்படி, ஃபாஸ்ட் சார்ஜர் நெட்வொர்க் நடத்துகிறவர்கள் ஆண்டுச் சராசரியில் 99 சதவீத நேரம் அவற்றை வேலை செய்யும் நிலையில் வைத்திருக்க வேண்டும். 24 மணி நேர இலவச உதவி எண் வேண்டும். தவறினால் அபராதம். இங்கே மத்திய மின்துறை 2018-லேயே நெடுஞ்சாலையின் இரு பக்கமும் 25 கிலோமீட்டருக்கு ஒரு சார்ஜிங் ஸ்டேஷன் என்று வழிகாட்டுதல் கொடுத்தது. மின்சார வண்டிகளுக்காக 2024-இல் வந்த பிஎம் இ-டிரைவ் என்ற மத்திய அரசு மானியத் திட்டத்தில் பொது சார்ஜர்களுக்கு மட்டும் 2,000 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். நல்லது, வரவேற்கிறேன். ஆனால் நட்ட சார்ஜர் ஆறு மாதம் கழித்து ஓடுகிறதா என்று வந்து பார்க்கப்போவது யார்? இங்கே கேட்க ஒரு ஆள் இல்லையே! பெட்ரோல் பங்கில் அளவில் சந்தேகம் வந்தால் ஐந்து லிட்டர் அளவுக் குவளையில் பிடித்துக் காட்டு என்று கேட்கலாம். இலவசக் காற்றும் குடிதண்ணீரும் கழிப்பறையும் கொடுத்தாக வேண்டும், புகார்ப் புத்தகம் இருக்க வேண்டும். நான் நிறுத்திய பல சார்ஜர்களில் மேலே ஒரு கூரைகூட இல்லை. மழையில் நனைந்துகொண்டு கன்னைப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

வரியையும் சொல்லிவிடுகிறேன். ஈவி வாங்கினால் ஜிஎஸ்டி 5 சதவீதம். அதே வண்டிக்குப் பொது சார்ஜரில் கரண்ட் ஏற்றினால் 18 சதவீதம். வீட்டில் சொந்த பார்க்கிங் இல்லாமல், தெருவோரம் வண்டி நிறுத்திப் பொது சார்ஜரையே நம்பி இருக்கிறவர்தான் இந்த 18-ஐ முழுசாகச் சுமக்கிறார்.

"அப்போ பெட்ரோல் வண்டியே வாங்கியிருக்க வேண்டியதுதானே" என்று யாராவது கேட்டால் எனக்குக் கோபம்தான் வரும். வண்டியில் ஒரு குறையும் இல்லை. ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் நம் பிள்ளைகள்தான் மின்சார ஸ்கூட்டர் செய்து நாடு முழுக்க அனுப்புகிறார்கள். தூத்துக்குடியில் மின்சார கார் தொழிற்சாலையே வந்துவிட்டது. வண்டியைச் செய்யத் தெரிந்த மாநிலத்தில் நாலு வழிச் சாலையோரம் ஒரு மெஷினை ஓடவைக்க முடியாதா? முடியும். மானியம் வாங்கிய ஒவ்வொரு சார்ஜரும் மாதத்தில் எத்தனை மணி நேரம் ஓடியது என்று எல்லோரும் பார்க்கும்படி வெளியிடட்டும். கெட்டுப்போனால் இத்தனை மணி நேரத்துக்குள் சரிசெய்ய வேண்டும் என்று கெடு வைக்கட்டும், மீறினால் மானியத்தைத் திரும்பப் பிடுங்கட்டும். அப்புறம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளட்டும், எத்தனை திறந்தோம் என்று.