விடையோடு வராத கோடு (code) உதாரணம் எனக்கு வேண்டாம்

புதிதாக ஒரு லைப்ரரியையோ கமாண்டையோ எடுத்தால் எல்லோர் கண்ணும் முதலில் உதாரணத்தைத்தான் தேடும். அதில் தவறே இல்லை. ஃபைல்களை ஒரே கட்டாகக் கட்டவும் பிரிக்கவும் உதவும் டார் கமாண்டின் மேன் பேஜை, அதாவது கையேட்டை, முழுக்கப் படித்த பிறகுதான் ஒரு கட்டைப் பிரிக்க வேண்டும் என்றால் யாருக்கு வேலை ஓடும்? 2013-ல் தொடங்கிய டிஎல்டிஆர் பேஜஸ் என்ற ஓப்பன் சோர்ஸ் திட்டம் இந்தத் தேவைக்காகத்தான் இருக்கிறது. ஒரு கமாண்டுக்கு அதிகபட்சம் 8 உதாரணம், ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி விளக்கம். அதைப் பராமரிக்கிறவர்கள் செய்வது பெரிய தொண்டு என்றே நினைக்கிறேன்.

ஆனால் நாம் தினமும் பார்க்கும் பெரும்பாலான கோடு துண்டுகளில் ஒரு பெரிய குறை இருக்கிறது. கோடு இருக்கும், அதை ஓட்டினால் என்ன வரும் என்பது இருக்காது. எந்த உள்ளீட்டுக்கு அது தப்பாகப் போகும் என்பதும் இருக்காது.

ஒரு சொல்லின் நீளத்தைக் கண்டுபிடிப்பதையே எடுத்துக்கொள்வோம். எல்லா மொழியிலும் முதல் வாரப் பாடம் இது. உதாரணத்தில் 'ஹலோ' என்று ஆங்கிலத்தில் எழுதியிருப்பார்கள், எங்கே ஓட்டினாலும் 5 வரும். அதே இடத்தில் 'தமிழ்' என்று போட்டுப் பாருங்கள். பைத்தானில் 5. ஜாவாவிலும் ஜாவாஸ்கிரிப்டிலும் 5. கோ மொழியிலும் ரஸ்டிலும் 15. ஸ்விஃப்டில் 3. எதுவும் பிழை இல்லை. கோவும் ரஸ்டும் பைட்டுகளை எண்ணுகின்றன, எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட். பைத்தான் யூனிகோடு (எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் தரும் பொதுப் பட்டியல்) குறியீடுகளை எண்ணுகிறது, அதற்கு இகரக் குறியும் புள்ளியும் தனித்தனி. ஸ்விஃப்ட் மட்டும்தான் நாம் எண்ணுகிற மாதிரி த, மி, ழ் என்று எண்ணுகிறது.

இது வெறும் பாடப்புத்தக விஷயம் இல்லை. பெயரை 10 எழுத்தோடு வெட்டிப் புள்ளி வைத்துக் காட்டும் துண்டுகள் எத்தனையோ ஆப்களில் ஓடுகின்றன. வெட்டு தவறான இடத்தில் விழுந்தால் 'மி' வெறும் 'ம' ஆகிவிடும், 'ழ்' புள்ளி இழந்து 'ழ' ஆகிவிடும். ஒருவருடைய பெயரைத் தப்பாகக் காட்டுவதை நான் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ளத் தயாரில்லை. அந்தத் துண்டை முதலில் எழுதியவர் ஆங்கிலமல்லாத ஒரே ஒரு பெயரைப் போட்டு, வந்த விடையையும் கீழே ஒட்டியிருந்தால் போதும். படித்த எல்லோருக்கும் விஷயம் அங்கேயே தெரிந்திருக்கும்.

ஆங்கிலமும் எண்ணும் மட்டுமே உள்ள கோடில்கூட இது நடக்கும். பைட் எண்ணிக்கையைப் படிக்க வசதியாகக் கிலோபைட், மெகாபைட் என்று மாற்றும் ஒரு ஜாவா துண்டு 2010-ல் புரோகிராமர்கள் கேள்வி கேட்டுப் பதில் பெறும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளத்தில் பதிலாக வந்தது. அந்தத் தளத்திலிருந்து மிக அதிகமாகப் பிரதி எடுக்கப்பட்ட ஜாவா துண்டு அதுதான் என்று 2018-ல் ஓர் ஆய்வு சொன்னது. அதற்குப் பிறகு எழுதியவரே திரும்பிப் பார்த்தபோது அதில் பிழை இருந்தது. 999,999 பைட்டைக் கொடுத்தால் 1.0 மெகாபைட் என்று காட்டாமல் 1000.0 கிலோபைட் என்று காட்டியது. அவர் அதை வெளிப்படையாக எழுதித் திருத்தினார், அந்த நேர்மைக்கு ஒரு வணக்கம். ஆனால் அதற்குள் அது எத்தனையோ ப்ராஜெக்டுகளுக்குள் போய்விட்டது. பிரதி எடுத்தவர்களில் யாராவது எல்லையில் இருக்கும் ஓர் எண்ணைப் போட்டுப் பார்த்திருந்தால் அன்றைக்கே பிடிபட்டிருக்கும்.

இதற்கு வழி இல்லாமலும் இல்லை. பைத்தானில் டாக்டெஸ்ட் 2001-லிருந்தே கூடவே வருகிறது. விளக்கக் குறிப்பில் கோடையும் அதன் விடையையும் எழுதி வைத்தால், அது ஓட்டிப் பார்த்து ஒத்துப்போகாததைச் சொல்லிவிடும். கோ மொழியில் உதாரண ஃபங்ஷனின் கடைசியில் எதிர்பார்க்கும் விடையைக் கமெண்டாக எழுதினால், டெஸ்ட் ஓட்டும்போது அதையும் சரிபார்க்கும். விடை எழுதாவிட்டால் கம்பைல் மட்டும் செய்யும், ஓட்டாது. அந்த ஏற்பாடு எனக்கு ரொம்பப் பிடிக்கும். ரஸ்டில் ஆவணத்துக்குள் இருக்கும் உதாரணங்கள் கார்கோ டெஸ்ட் என்ற அதன் சோதனைக் கமாண்டை ஓட்டும்போது தானாகவே ஓடும். இக்னோர் என்று குறித்துத் தப்பிக்கவும் வழி உண்டு, அது வேறு கதை.

டெர்மினலில் தட்டும் ஷெல் கமாண்டுகளுக்கு இப்படி எதுவும் இயல்பாக இல்லை. ஆபத்து அதிகமும் அங்கேதான். ஃபைல்களைத் தேடும் ஃபைண்டின் விடையை, வந்த பெயர்களை இன்னொரு கமாண்டுக்குக் கொடுக்கும் எக்ஸ்ஆர்க்ஸுக்கு அப்படியே அனுப்பி அழிக்கச் சொல்லும் ஒற்றை வரியை எல்லா இடத்திலும் பார்க்கலாம். ஃபைல் பெயரில் ஒரு இடைவெளி இருந்தால் அது இரண்டு பெயராக உடைந்து, சம்பந்தமே இல்லாத ஃபைல் அழிந்துபோகலாம். ஃபைண்டில் பிரிண்ட்0, எக்ஸ்ஆர்க்ஸில் மைனஸ் 0 சேர்த்தால் தீர்ந்தது. அதைச் சேர்க்காமல் இந்த வரியைக் கற்றுக்கொடுப்பது தப்பு என்றே சொல்வேன். இப்போது ஏஐ எழுதித் தரும் வரிகளையும் இதே மாதிரி இடைவெளி உள்ள பெயரோடு ஒரு காலி ஃபோல்டரில் ஓட்டிப் பார்த்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

அப்புறம், தமிழில் புரோகிராமிங் பாடம் எழுதும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். ஸ்ட்ரிங் பாடத்தில் 'லக்ஷ்மி' என்ற பெயரைப் போடுங்கள். பைத்தான் 7 என்று சொல்லும், ஸ்விஃப்ட் 4 என்று சொல்லும், க்ஷ் ஒரே எழுத்து என்று பார்க்கும் நம் கண்ணுக்கு 3. மூன்றையும் எழுதுங்கள். படிக்கிற மாணவர் ஏன் என்று கேட்பார். அந்தப் பதிலை அடுத்த உதாரணமாக, அதன் விடையோடு சேர்த்துப் போடுங்கள்.